‘வீரர்’ என்ற சொல் யாருடையது?

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, இந்திய மகளிர் அணி ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரராக ஷெஃபாலி வர்மாவும், தொடரின் சிறந்த ஆட்டக்காரராக தீப்தி சர்மாவும் தேர்வாயினர். அந்த இரவில் தமிழில் செய்தி எழுத அமர்ந்த எவருக்கும் ஒரு சிறு தயக்கம் நேர்ந்திருக்கும். ஷெஃபாலி ஆட்டநாயகனா, ஆட்டநாயகியா? தீப்தியைத் ‘தொடர்நாயகி’ என்று எழுதினால், திரைப்படத்தின் கதாநாயகி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியுமா? அவர் பந்துவீச்சாளரா, பந்துவீச்சு வீராங்கனையா? ஹர்மன்பிரீத் கௌர் அணியின் தலைவரா, தலைவியா?

சொற்களைக் குறித்த இந்தத் தயக்கம் அற்பமாகத் தோன்றலாம். கோப்பை வந்துவிட்டது, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் தோன்றும். ஆனால், விளையாட்டுக் களத்தில் ஒருவருக்கு வழங்கும் பெயர், அவர் அங்கே செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. அந்த இடத்தில் நிற்க யாருக்கு உரிமை உண்டு என்று ஒரு காலம் கருதியதோ, அந்தக் கருத்தையும் சேர்த்தே அது சுமக்கிறது. விளையாட்டுச் சொற்களின் வரலாறு நெடுகிலும் இதைக் காணலாம்.

மூன்றரை நூற்றாண்டு வேண்டாம், நான்கே ஆண்டு

கிரிக்கெட் விதிகளின் காவலராகக் கருதப்படும் மேரில்போன் கிரிக்கெட் சங்கம் (எம்.சி.சி.), 2021 செப்டம்பரில் ‘பேட்ஸ்மேன்’ என்ற சொல்லை விதிகளிலிருந்து நீக்கி, ‘பேட்டர்’ என்ற சொல்லை ஏற்றது. அடுத்த மாதமே சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் அதைப் பின்பற்றியது. ‘பௌலர்’, ‘ஃபீல்டர்’ ஆகியவை முன்பே பால் வேறுபாடு அற்றவை. எனவே ‘பேட்டர்’ அவற்றோடு இயல்பாகப் பொருந்துகிறது என்பது அவர்கள் கூறிய காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2017இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. மகளிர் கிரிக்கெட்டின் முக்கியப் பிரதிநிதிகளிடமும் கருத்துக் கேட்கப்பட்டு, ‘பேட்ஸ்மேன்’ அப்படியே இருக்கட்டும் என்று அன்று முடிவானது. நான்கே ஆண்டுகளில் அந்த முடிவு மாறியது. இடையில் அகராதி மாறவில்லை, களம் மாறியிருந்தது. 2017 மகளிர் உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்கு லார்ட்ஸ் மைதானம் நிரம்பி வழிந்தது. 2020இல் மெல்பர்னில் நடந்த மகளிர் டி20 இறுதிப்போட்டியைக் காண 86,000 பேருக்கு மேல் திரண்டனர். அத்தனை பேர் கண்முன் மட்டை பிடித்து நிற்பவரைப் பழைய பெயரால் அழைப்பது பொருந்தவில்லை.

‘மரபை மாற்றுகிறார்கள்’ என்ற எதிர்ப்பும் அப்போது எழுந்தது. மரபைப் பற்றிப் பேசுவோர் 1744ஆம் ஆண்டின் கிரிக்கெட் விதிகளைப் பார்க்கலாம். கிடைத்துள்ள விதித் தொகுப்புகளில் பழமையான அதில், மட்டை பிடிப்பவரின் பெயர் ‘ஸ்டிரைக்கர்’; அடிப்பவர் என்பதே அதன் பொருள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இன்றும் ‘ஸ்டிரைக்கர்’, ‘நான்-ஸ்டிரைக்கர்’ என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். மகளிர் உலகக் கோப்பை 1973இல் தொடங்கியது. ஆடவர் உலகக் கோப்பை அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னர், 1975இல்தான் வந்தது. ஆயினும் எம்.சி.சி. தன் உறுப்பினர் கதவைப் பெண்களுக்குத் திறந்தது 1998இல். எது மரபு என்பது, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

பெயரில் ஒளிந்த வர்க்கமும் சாதியும்

பால் வேறுபாட்டுக்கு முன்பே, கிரிக்கெட்டின் பெயர்களில் வர்க்க வேறுபாடு குடியிருந்தது. ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு இலத்தீன் வேர் ‘நேசிப்பவர்’ என்று பொருள் தருகிறது. பணத்துக்காக அன்றி, ஆட்டத்தின் மீதுள்ள அன்பால் ஆடுபவர். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில், ஆடுவதற்குக் கூலி வாங்க வேண்டிய தேவையில்லாத செல்வந்தருக்கான பட்டம் அது. 1806 முதல் இங்கிலாந்தில் ‘கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும்’ இடையிலான போட்டி நடந்துவந்தது. ‘கனவான்’ என்றால் அமெச்சூர். ‘ஆட்டக்காரர்’ என்றால் கூலிக்கு ஆடுபவர். பல மைதானங்களில் இருவருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறை. களத்துக்குள் வரத் தனித்தனி வாயில். ஆட்ட அட்டையில் அமெச்சூரின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். கூலி ஆட்டக்காரருக்குப் பின்னால் வரும். அந்த நாளின் புகழ்பெற்ற அமெச்சூரான டபிள்யூ.ஜி. கிரேஸ், செலவுத்தொகை, நன்கொடை என்ற பெயர்களில் கூலி ஆட்டக்காரர்களைவிட மிகுதியாக ஈட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை.

20ஆம் நூற்றாண்டில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் இங்கிலாந்தின் டெஸ்ட் அணித்தலைவராக முறைப்படி நியமிக்கப்பட 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு எதிரான தொடரில் அப்பொறுப்பை ஏற்ற லென் ஹட்டன்தான் அவர். ‘கனவான்’, ‘ஆட்டக்காரர்’ என்ற பாகுபாடே 1962இன் இறுதியில்தான் ஒழிக்கப்பட்டது.

இதே சொல்லுக்கு அமெரிக்காவில் ஒருவர் கொடுத்த விலை இன்னும் பெரிது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், முன்பு சிறு தொகை வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவர் என்பதால் ‘அமெச்சூர்’ அல்லர் என்று அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பதக்கங்களை இழந்தார். அவர் 1953இல் மறைந்தார். அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளராக அவர் பெயர் மீண்டும் ஏற்கப்பட்டது 2022இல். ஒரு சொல்லின் வரையறை, ஒரு வாழ்நாளைவிட நீளமாக இருந்தது.

இந்தியாவுக்கு வந்த கிரிக்கெட், இங்கே வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துக்கொண்டது. பல்வங்கர் பாலு தோல் தொழில் செய்யும் தலித் சமூகத்தில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர்களின் சங்கத்தில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தபோது, பயிற்சிக்காக அவர்களுக்குப் பந்து வீசினார். பந்து வீசும்படி மணிக்கணக்கில் கேட்டவர்கள், மட்டை பிடிக்க அவரை அழைக்கவில்லை. பந்துவீச்சு உழைப்பாகவும் மட்டை வீச்சு உரிமையாகவும் கருதப்பட்ட காலம் அது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய பாலு, இந்து அணியின் தலைவராக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. அந்தப் பெயர் 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்கு வாய்த்தது. ‘கேப்டன்’ என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குத் ‘தலை’ என்று பொருள். தலைவர் என்பதும் அதுவே. எந்தத் தலைக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்பதைத் திறமை மட்டும் முடிவுசெய்யவில்லை.

இனத்தின் கறையும் சில பெயர்களில் உண்டு. இடதுகை மணிக்கட்டுச் சுழற்பந்தை நெடுங்காலம் ‘சைனாமேன்’ என்று குறித்தார்கள். சீன வம்சாவளியைச் சேர்ந்த மேற்கிந்தியத் தீவுகளின் எல்லிஸ் அச்சாங்கின் பந்தில் 1933இல் ஆட்டமிழந்த ஆங்கிலேயர் ஒருவர் எரிச்சலில் உதிர்த்த சொல்லோடு அதன் கதை இணைத்துப் பேசப்படுகிறது. ‘விஸ்டன்’ ஆண்டுமலர் 2018இல் அந்தப் பெயரைக் கைவிட்டது. அதனால் குல்தீப் யாதவின் பந்து சுழல்வது நின்றுவிடவில்லை.

ஒத்தவர் அல்லர், நடுவில் நிற்பவர்

எல்லாப் பெயர்களும் இப்படிக் கறை படிந்தவை அல்ல. ‘அம்பயர்’ என்ற சொல்லின் பயணம் சுவையானது. பழைய பிரெஞ்சில் ‘நோன்பெர்’ என்றால் ‘இணை இல்லாதவர்’, அதாவது இரு தரப்பில் எதிலும் சேராத மூன்றாமவர். ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ‘ந’கர ஒலி, முன்னால் வரும் ‘அ’ என்ற சுட்டோடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது, எஞ்சியது ‘அம்பயர்’. ‘ஏப்ரன்’ என்ற சொல்லும் அப்படியே தன் நகரத்தை இழந்தது.

ஆங்கிலம் ‘எவரோடும் சேராதவர்’ என்று எதிர்மறையில் சொன்னதைத் தமிழ் ‘நடுவர்’ என்று உடன்பாட்டில் சொல்கிறது. நடுவில் நிற்பவர், நடுவுநிலைமை உடையவர். வள்ளுவர் அந்தப் பண்புக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பழந்தமிழில் ‘நடுவன்’ என்பது எமனுக்கும் பெயர். எவருக்கும் சலுகை காட்டாதவன் என்பதால் வந்த பெயர். விரலை உயர்த்தும் நடுவரைப் பார்த்தபடி களத்தைவிட்டு வெளியேறும் எந்த மட்டையாளரும் இந்தப் பொருத்தத்தை மறுக்கமாட்டார். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘மத்தியஸ்தர்’ என்ற வடசொல்லும் நடுவில் நிற்பவர் என்றே பொருள்படும்.

‘கோச்’ என்பது ஹங்கேரியில் உள்ள கோச் என்ற சிற்றூரின் பெயர். அவ்வூரில் செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றன. பின்னர், தேர்வு என்னும் தொலைவை மாணவர் கடக்க உதவும் ஆசிரியரை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மாணவர்கள் விளையாட்டாக ‘வண்டி’ என்றார்கள். அங்கிருந்து அச்சொல் விளையாட்டுக் களத்துக்கு வந்தது. நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களிலும் மல்யுத்தக் களங்களிலும் ‘வஸ்தாது’ என்று அழைக்கப்பட்டவர், பாரசீகத்தின் ‘உஸ்தாத்’தான், ‘பயில்வான்’, பாரசீகத்தின் ‘பஹ்லவான்’. பயிலுதல் என்ற நம் சொல்லின் சாயல் அதில் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, வந்த இடத்தில் எப்படி வாழ்கிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

ஆண் என்ற பொருள் வந்த வழி

இந்த உண்மையை நம் ‘வீரர்’ என்ற சொல் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் வேரான ‘வீர’ வடமொழிச் சொல். இலத்தீனில் ‘ஆண்’ என்று பொருள்படும் ‘விர்’ அதற்கு உடன்பிறப்பு. அதாவது, பிறப்பிலேயே அது ஆண்மையோடு தொடர்புடைய சொல். ‘பேட்ஸ்மேன்’ என்பதில் உள்ள ‘மேன்’ அதற்கு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் அது மனிதர் எவரையும் குறித்தது. ஆணைக் குறிக்க ‘வெர்’ என்ற வேறு சொல் இருந்தது. அந்த ‘வெர்’தான் ‘விர்’ருக்கும் ‘வீர’வுக்கும் உறவு. பொதுச்சொல்லாகப் பிறந்த ‘மேன்’, காலப்போக்கில் ஆணின் உடைமை ஆயிற்று. ஆணுக்குரியதாகப் பிறந்த ‘வீர’, தமிழில் ‘அர்’ விகுதி பெற்றுப் பொதுவாகும் வாய்ப்பைப் பெற்றது. வேர் எதையும் முடிவுசெய்துவிடவில்லை.

தமிழ் இலக்கணம் இந்த வாய்ப்பை நமக்கு எளிதாக்கியிருக்கிறது. அன் விகுதி ஆணுக்கு. அள் விகுதி பெண்ணுக்கு. அர் விகுதி பலர்பாலுக்கு. அந்தப் பலர்பாலே மரியாதை கருதி ஒருவருக்கும் வழங்குகிறது. அமைச்சர், மருத்துவர், எழுத்தாளர், கவிஞர், ஆட்சியர் என்று நாள்தோறும் எழுதுகிறோம். எவரும் பால் கேட்பதில்லை. மட்டையாளர், பந்துவீச்சாளர், விக்கெட் காப்பாளர், பயிற்சியாளர், நடுவர் ஆகியனவும் அப்படித்தான். ஆங்கிலம் 2021இல் விதி திருத்தி அடைந்ததைத் தமிழின் ‘மட்டையாளர்’ எந்தத் தீர்மானமும் இன்றி முன்பே வைத்திருந்தது.

ஆனால், அந்தச் செல்வத்தை நாம் பயன்படுத்திய விதம் வேறு. ‘வீரர்’ என்பதற்கு எதிரே ‘வீராங்கனை’ என்ற சொல்லை நிறுத்தினோம். ‘அங்கனை’ என்றால் பெண். பெண்ணுக்குத் தனிச்சொல் வந்ததும், பொதுச்சொல்லாக இருக்க வேண்டிய ‘வீரர்’ ஆணிடம் போய்ச் சேர்ந்தது. இன்று ‘இந்திய வீரர்கள்’ என்று தலைப்பிட்டால் ஆண்களே மனக்கண்ணில் தோன்றுகிறார்கள். ‘இந்திய அணி’ என்றால் ஆடவர் அணி. மற்றொன்று ‘இந்திய மகளிர் அணி’. இக்கட்டுரையின் முதல் வாக்கியத்திலும் அந்த அடைமொழியைத் தவிர்க்க முடியவில்லை. ஆணைக் குறிக்க அடைமொழி தேவையில்லை. பெண்ணைக் குறிக்கத் தேவை. ஏற்றத்தாழ்வு இருப்பது சொல்லில் அன்று, இந்தச் சமனின்மையில்.

சதுரங்கம் இதற்கு இன்னொரு முகம் காட்டுகிறது. அங்கே ‘கிராண்ட்மாஸ்டர்’ பட்டம் அனைவருக்கும் பொது. அதற்குரிய தரப்புள்ளி 2500. 1976இல் ‘மகளிர் கிராண்ட்மாஸ்டர்’ என்ற தனிப் பட்டமும் உருவாக்கப்பட்டது. அதற்கு 2300 போதும். பெண்களை ஊக்குவிக்கவே அது வந்தது. பலருக்கு ஏணியாகவும் அமைந்தது. சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி 2001இல் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனபோது, நம் நாட்டில் எத்தனையோ சிறுமியருக்கு ஒரு கதவு திறந்தது. ஆனால், ஒத்த பெயரில் ஒரு தாழ்ந்த படி இருப்பதால், பெண் எவரும் ‘கிராண்ட்மாஸ்டர்’ என்றவுடன் ‘எந்தக் கிராண்ட்மாஸ்டர்?’ என்ற கேள்வி எழுகிறது. 2023 டிசம்பரில் 2500ஐத் தொட்ட சென்னையின் ஆர். வைஷாலி, கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி ஆகியோருக்குப் பின் பொதுப் பட்டத்துக்குத் தகுதி பெற்ற மூன்றாவது இந்தியப் பெண். அவருடைய தம்பி பிரக்ஞானந்தாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது.

என்ன செய்யலாம்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் புறக்கணிக்கக் கூடாது. ‘வீராங்கனை’ என்ற சொல்லைக் கைவிட்டால், பெண்களின் சாதனை பொதுச்சொல்லுக்குள் மறைந்துவிடாதா? வேலு நாச்சியாரைப் போன்றோரை எண்ணிப் பெருமிதத்தோடு வழங்கிவரும் சொல் அல்லவா அது? நியாயமான கேள்வி. அந்தச் சொல்லைத் துரத்த வேண்டியதில்லை. ஒரு கிராமத்திலிருந்து முதன்முதலாக ஒரு பெண் கபடி அணிக்குத் தேர்வாகும்போது, அவர் பெண் என்பதே செய்தி; அங்கே ‘வீராங்கனை’ பொருந்தும். இறுதிப்போட்டியில் ஐந்து விக்கெட் வீழ்த்தும்போது, அவர் பந்துவீச்சாளர் என்பதே செய்தி. அங்கே அந்தப் பெயர் போதும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பொறுப்பைக் குறிக்கும்போது பொறுப்பின் பெயரையே எழுதலாம்: மட்டையாளர், பந்துவீச்சாளர், அணித்தலைவர். ‘ஆட்டநாயகன்’, ‘ஆட்டநாயகி’ இரண்டையும் விடுத்து ‘ஆட்டத்தின் சிறந்த வீரர்’ என்று இருபாலர்க்கும் வழங்கலாம். மகளிர் அணி என்று குறிக்க வேண்டிய இடத்தில், மறுபுறம் ஆடவர் அணி என்றும் குறிக்கலாம். இது செய்தியாளர்களின் வேலை மட்டும் அன்று. பள்ளி விளையாட்டு விழாவின் அழைப்பிதழ், பரிசுச் சான்றிதழ், ஒலிபெருக்கி அறிவிப்பு ஆகியவற்றில்தான் ஒரு சிறுமி தன் பெயரோடு ஒட்டிவரும் சொல்லை முதலில் கேட்கிறாள்.

சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புவதும் பேதைமை. 2022 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் வாரியம் இருபாலர்க்கும் ஒரே போட்டி ஊதியத்தை அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20 ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடவரின் உயர்ந்த பிரிவுக்கு 7 கோடி ரூபாய். மகளிரின் உயர்ந்த பிரிவுக்கு 50 லட்சம். மகளிர் ஆடும் டெஸ்ட் போட்டிகளும் மிகக் குறைவு. ஆடாத போட்டிக்கு எந்த ஊதியமும் இல்லை. இந்த இடைவெளியை எந்த விகுதியும் நிரப்பாது.

இருப்பினும், ‘கனவான்’ என்ற பெயர் ஒழிந்த பின்னர்தான் இங்கிலாந்தின் மைதானங்களில் இரண்டு வாயில்களுக்குக் காரணம் சொல்ல முடியாமல் போயிற்று. பெயர் வேறாக இருக்கும்வரை ஊதியம் வேறாக இருப்பதும் இயல்பாகத் தோன்றும். பெயர் ஒன்றானபின், ‘ஏன் வேறு?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் மாறிவிடுகிறார். இங்கிலாந்து அந்த இடத்துக்கு வர 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அத்தனை காலம் காத்திருக்க வேண்டிய அவசியம் தமிழுக்கு இல்லை. வேண்டிய விகுதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.